பெருந்தமனிக் காயம்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு ஏற்ற சிகிச்சை எது?

மதுரை–தூத்துக்குடி நால்வழிச்சாலையில் வேகமாக வரும் கார் நிற்கும் லாரியில் மோதினாலும், திருச்சுழிப் பக்கம் பனையேறி ஒருவர் மரத்திலிருந்து விழுந்தாலும், நெஞ்சுக்குள் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். உடல் சட்டென்று நின்றுவிடுகிறது. இதயமும் பெருந்தமனி வளைவும் முன்னோக்கி நகர்கின்றன. முதுகெலும்பை ஒட்டிய இறங்கு பெருந்தமனி நகர்வதில்லை. இடக்கைத் தமனி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே சுவர் கிழிகிறது. இவ்வாறு காயப்பட்டோரில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்கள் உடனடியாக இறந்துபோகிறார்கள் என்பதை 1958இல் அமெரிக்க மருத்துவர் பார்ம்லி குழுவினரின் பிணக்கூறாய்வுகள் காட்டின.

நம் கேள்வி மீதிப்பேரைப் பற்றியது. அவர்களுடைய தமனியின் உட்சுவரும் நடுச்சுவரும் கிழிந்திருக்கலாம்; வெளிச்சுவர் மட்டும் ரத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும். திறந்த அறுவையா, தமனிக்குள்ளேயே செலுத்திக் கிழிசலை மூடும் ஸ்டென்ட் குழாயா என்ற வாதம் பெருநகர மருத்துவமனைகளில் நடக்கிறது. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போகவேண்டிய அருப்புக்கோட்டையில், முதலில் பார்க்கும் மருத்துவரின் சந்தேகமும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடுமே சிகிச்சையின் முதல் பாதி என்பது என் வாதம்.

சந்தேகம் என்பது எளிதல்ல. விலா எலும்பு முறிந்து, தொடை முறிந்து வருபவர் தொடையைத்தான் காட்டுவார். நெஞ்சு எக்ஸ்ரேயில் நடுமார்பு நிழல் அகன்றிருந்தால் எச்சரிக்கை. ஆனால் சிலருக்கு எக்ஸ்ரே இயல்பாகவே இருக்கும். ஆகவே மோதலின் வேகமும் விழுந்த உயரமும் அதிகமென்றால், சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் தேவை. 2011இல் அமெரிக்க ரத்தநாள அறுவையாளர் சங்கம் வகுத்த நான்கு நிலைகள் அதில்தான் தெரியும்: உட்சுவர்க் கிழிசல், சுவருக்குள் ரத்தக்கட்டு, பொய்ப்புடைப்பு, முழு உடைவு. முதல் நிலைக்குக் கண்காணிப்பே போதும். பெரும்பாலும் தானே ஆறிவிடும். நான்காவதற்குக் காத்திருக்க நேரமில்லை.

இடைப்பட்டவர்களுக்கு மருந்து உயிர்காப்பு. வயிற்றிலோ இடுப்பிலோ ரத்தப்போக்கு இல்லையென்று உறுதியான பின், வலியை அடக்கி, பீட்டா தடுப்பு மருந்தால் நாடித்துடிப்பை 100க்குக் கீழும் மேல் அழுத்தத்தை 120க்குக் கீழும் வைத்தால், ஒவ்வொரு துடிப்பும் கிழிசலில் அறையும் விசை குறைகிறது. அழுத்தம் நன்றாக இருக்கும்போதே பாட்டில் பாட்டிலாக ட்ரிப் ஏற்றுவது இங்கே தீங்கு. தலைக்காயமும் சேர்ந்திருந்தால் மட்டும் கணக்கு மாறும். மூளைக்கு அழுத்தம் வேண்டும்.

பழுதுபார்ப்பில் என் சார்பு ஸ்டென்ட் பக்கமே. 1987இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் அறுவை மருத்துவர் வொலொடோஸ், விபத்துக்குப் பின் உண்டான நெஞ்சுப் பெருந்தமனிப் புடைப்பை உள்ளிருந்தே அடைத்தார். பெரும்பாலும் திறந்த அறுவையே நடந்த காலத்தில், 1997இல் வெளியான அமெரிக்கப் பன்மைய ஆய்வில் 8.7 விழுக்காட்டினருக்குக் கால்கள் செயலிழந்தன. மூன்றில் இருவருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வில் அது 1.6 ஆனது. பனையேறிக்கும் தறிகாரருக்கும் இந்த வேறுபாடு பிழைப்பா முடக்கமா என்பது.

எனினும் ஸ்டென்ட் வைத்தவரின் தமனியை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும். இருபது வயது இளைஞனின் தமனி ஒடுங்கியது. வயதோடு அது விரியும், குழாய் விரியாது. கூலியை விட்டு, பேருந்து ஏறி, மதுரைக்கு ஆண்டுதோறும் யார் போவார்? நம் மாவட்டத் தலைநகரான விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியாயிற்று. இந்தப் பின்தொடர்தலை அங்கே நடத்துவதே முறை.

இன்னொன்று பணம். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்துக்கு முதல் 48 மணிநேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தருகிறது. அது பெரிய காரியம். ஆனால் நிலைப்பட்ட பெருந்தமனிக் காயத்தை 24 மணிநேரம் கடந்து, மற்றக் காயங்களைச் சரிசெய்த பின் பழுதுபார்ப்பதே பலருக்கு நல்லது என்பது இன்றைய மருத்துவ அறிவு. கடிகாரத்துக்காக அவசரப்படவும் கூடாது, கடிகாரம் முடிந்ததென்று சிகிச்சை நிற்கவும் கூடாது. பனையிலிருந்து விழுந்தவரோ சாலை விபத்துக்காரர் அல்ல; இத்திட்டத்தில் அவருக்கு இடமில்லை. பெருந்தமனிக் காயத்துக்கு மட்டுமாவது, காரணம் எதுவாயினும், பழுதுபார்ப்பு முடியும்வரை இந்த உதவியை நீட்டிக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.