ஷாங்காயில் தயாரான இன்சுலின்: நோயாளி என்னும் தன்னிலை பற்றி

நோயாளி என்பது யாரு? நான் வாசித்தவரை நம் விவாதங்களில் இரண்டு உடல்கள் வருகின்றன. ஒன்று, ஃபூக்கோ சொல்லும் மருத்துவப் பார்வைக்கு ஆட்பட்ட உடல். மற்றது, இவான் இல்லிச் சொல்லும், தன்னைப் பேணும் திறனை மருத்துவ நிறுவனத்திடம் பறிகொடுத்த உடல். நிறுவனமே கடையைச் சாத்திவிட்டால் இந்த உடல்கள் என்ன செய்யும்?

ஏவா சாக்ஸல் பிராக் நகரத்து யூதப் பெண். 1940இல் கணவர் விக்டருடன் ஷாங்காயில் தஞ்சம் புகுந்தார். அங்கேதான் நீரிழிவு தெரியவந்தது. நம் வீடுகளில் சாதாரணமாகப் பேசப்படும் சர்க்கரை வியாதி இல்லை இது. இன்சுலின் ஊசி நின்றால் உயிர் நிற்காது. 1941 டிசம்பரில் பெர்ல் துறைமுகத் தாக்குதலை அடுத்து ஜப்பானிய ராணுவம் அந்நகரின் சர்வதேசக் குடியிருப்பையும் கைப்பற்றியது. மருந்து வரத்து நின்றது. கள்ளச்சந்தைக் குப்பிக்குள் என்ன இருக்குமோ, அதை நம்பவும் முடியாது.

விக்டர் ஜவுளிப் பொறியாளர். மருத்துவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. பாண்டிங்கும் பெஸ்டும் கையாண்ட பிரித்தெடுப்பு முறை ஒரு மருத்துவப் பாடநூலில் இருந்தது. ஒரு சீன வேதியியலாளர் சோதனைக்கூடத்தில் இடம் கொடுத்தார். எருமைக் கணையம் கிடைத்தது. கணையத்தின் சங்கடம் என்னவென்றால், அதிலேயே ஊறும் செரிமான நீர் இன்சுலினைத் தின்றுவிடும். அதை அமிலம் கலந்த ஆல்கஹாலால் தடுத்தாக வேண்டும். கடைசியில் கிடைத்தது பழுப்பு நிறத் திரவம். பட்டினி போட்ட முயல்களுக்கு அதைச் செலுத்தி, இரத்தச் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வீரியத்தைக் கணித்தார்கள். பிறகு ஏவா தனக்கே முதலில் போட்டுக்கொண்டார். போர் முடியும்வரை அவரும், நகரத்தின் வேறு பல நீரிழிவு நோயாளிகளும் இந்த மருந்தில் பிழைத்திருந்தார்கள்.

இதை ஒரு வீரப் பெண்ணின் கதையாகச் சொல்வது வழக்கம். சரி, வீரம்தான். ஆனால் இல்லிச்சின் அன்பர்கள் இதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. நிறுவனத்தை உதறியதால் ஏவா பிழைக்கவில்லை. அதன் பாடநூல், அதன் முயல், அதன் அளவுகோல் எல்லாவற்றையும் கைக்கு எடுத்துக்கொண்டதால் பிழைத்தார். ஃபூக்கோவும் இங்கே கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும்: பார்க்கப்பட்ட உடலே இங்கே பார்க்கிறது, அளக்கிறது. வீட்டு வைத்தியம் பார்த்துக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஏவா செத்திருப்பார்.

அந்தச் சீன வேதியியலாளரும் கணையம் அறுத்துக் கொடுத்தவர்களும் கதையில் துணைப் பாத்திரங்களாகவே நிற்கிறார்கள். விளிம்பைப் பற்றிப் பேசும் கதைக்குள்ளும் ஒரு விளிம்பு இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று: கண்டுபிடித்தவர்கள் 1923இல் இன்சுலின் காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள். செய்முறை பாடநூலில் அச்சேறியிருந்தது; ஒரு ஜவுளிப் பொறியாளர் எடுத்துப் படிக்கிற மாதிரி.