தம்பியும் அக்காளும் பள்ளிக்கு வந்த வரலாறு

முதற்குடிகள் எனப் பொருள்படும் ஆதிதிராவிடர் என்னும் பெயரைச் சென்னை மாகாண அரசு 1922-இல் ஏற்றது. ஆயினும் பெயர் வயிற்றை நிரப்பாது. வடசென்னையில் வாழ்ந்த சர். பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய மாநகராட்சி இதனை முன்னரே உணர்ந்திருந்தது. 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல், சிற்றுண்டி வழங்க அது முடிவு செய்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆயிற்று. அரசு செலவுக்குத் தடை கூறவே 1925-இல் திட்டம் நின்றது.

பள்ளி வயதை எட்டாத மழலையரின் நிலை யாது? இராயபுரம், திருவொற்றியூர்க் குடிசைகளில் தாய் விடியுமுன் கூலிக்குச் செல்வாள்; தம்பியை அக்காள் இடுப்பில் சுமப்பாள். தம்பியை ஏற்காத பள்ளிக்கு அக்காளும் வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் நாம் கண்ட பெண்பிள்ளைகளின் விடுப்புகளுள் பல இத்தகையனவே.

1975 அக்டோபர் 2-இல் நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலையில் மழலையருக்கும் உணவளிக்க வந்த சத்துணவுத் திட்டமும் அவள் சுமையை இறக்கின. அங்கன்வாடியில் உண்டு, உறங்கி, பாடிப் பழகிய பிள்ளை முதல் வகுப்பில் அதிகம் அழுவதில்லை. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. அத்தகைய வளாகங்களில் அக்காளும் தம்பியும் ஒரே வாசலில் நுழைகின்றனர்.