மூலமும் பெயர்ப்பும்

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் பாடபேதமாகும். நூலை ஆக்கியோர் ஒருவர். ஏட்டிற் பெயர்த்தெழுதியோர் பலர். பெயர்த்தெழுதியோர் இன்றேல் நூல்கள் எஞ்சியிரா. ஆயினும் அவர்தம் கைவழியே பிழைகளும் புகுந்தன. இதே சிக்கல் கணனி யுகத்திலும் எழுந்தமையை ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறியாக்க மென்பொருளின் வரலாறு காட்டுகின்றது.

வாழைச்சேனையில் வாழும் ஒருவர் தமது வங்கிக் கணக்கை இணையவழி நோக்குகையில், அவரது கடவுச்சொல் இடைவழியிற் பிறர் கண்ணிற் படாது காப்பது மறைகுறியாக்கமே. இதற்கான நிரற்றொகுதி ஒன்றை 1995ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் எரிக் யங், ரிம் ஹட்சன் ஆகிய இருவர் ஆக்கி, யாவர்க்கும் திறந்து வைத்தனர். வலுவான மறைகுறியாக்கத்தைப் போர்க்கருவிக்கு ஒப்பக் கருதி அதன் ஏற்றுமதியை ஐக்கிய அமெரிக்கா கட்டுப்படுத்தியிருந்த காலம் அது. அத்தொகுதியின் வழிவந்ததே 1998 டிசெம்பரில் தோன்றிய ஓப்பன் எஸ்.எஸ்.எல்.

இத்திட்டத்தினர் வெளியிடுவது மூலநிரலையே. அதனைக் கணனி இயக்கத்தக்க வடிவாக்கிப் பகிரும் பணியைப் பிறரே பெரிதும் மேற்கொண்டனர். உரிமமும் அதற்கு இடமளித்தது.

2006ஆம் ஆண்டில், டெபியன் என்னும் லினக்ஸ் தொகுதியிற் சேர்க்கப்பட்ட பெயர்ப்பில், சோதனைக் கருவியொன்றின் எச்சரிக்கையைத் தவிர்க்கும் பொருட்டு இரு வரிகள் நீக்கப்பட்டன. மூலநிரலாளரிடம் முன்னரே வினவப்பட்டும் விளைவு உணரப்படவில்லை. ஊகிக்கவியலாத எண்களை ஆக்குவதற்கு வேண்டிய தற்செயற் தரவு சேரும் வழி அவ்வரிகளோடு அடைபட்டது. ஒரே வகைக் கணனியில், ஒரே நீளத்தில் ஆக்கப்படும் திறவுகோல்கள் ஏறத்தாழ 32,768 என்ற அளவிற்குச் சுருங்கின. பூட்டு இருந்தது, திறவுகோல்களோ எண்ணி முடிக்கத்தக்கனவாயின. லூசியானோ பெல்லோ இக்குறையைக் கண்டறிய, 2008 மே 13இல் அது வெளியிடப்பட்டது. நிரலைத் திருத்தியது மட்டும் போதவில்லை. இடைக்காலத்திற் பிறந்த திறவுகோல்கள் அனைத்தையும் கைவிட நேர்ந்தது.

இதனால், பெயர்ப்போர் உரிமையை மறுத்தல் வேண்டும் எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. மூலமும் மாற்றமும் திறந்து கிடந்தமையாலேயே பிழை பிடிபட்டது. வேண்டுவன இரண்டு. பெயர்ப்போர் செய்த மாற்றம் எதுவென மூலத்தை அறிந்தோர் ஆராய்தல் ஒன்று. அதே மூலத்திலிருந்து எவர் தொகுப்பினும் அதே வடிவம் கிடைத்தல் மற்றொன்று. பின்னதற்கான முயற்சியை 2013 முதல் டெபியன் குழுவினரே முன்னெடுத்தமை குறிப்பிடத்தக்கது.

ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடபேதங்களையும் உடன் அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் பதிப்புக்களை நாம் நம்புவதன் காரணமும் இதுவே: அவர் மாறுபாட்டை மறைத்தாரல்லர், கற்போர் சோதிக்கும்படி வைத்தார்.