கண்மாய் கைவிட்டதைக் கடல் சுமக்கிறது

மன்னார் வளைகுடா மீன்களின் உடல்நலம் பற்றிப் பேச்சு வந்தால் பார்வை தூத்துக்குடிக் கரையோடு நின்றுவிடுகிறது. அந்தக் கதையின் முதல் பாதி மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது. 2025இல் ஒரு காணொளியால் தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்ட கூமாப்பட்டிக்கு மேற்கே, பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகளில் தேங்கும் மலைத் தண்ணீர் வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களை நிரப்புகிறது. மிச்சம் அர்ச்சுனா ஆற்றில் ஓடி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்ந்து, விளாத்திகுளம் தாண்டி சிப்பிகுளத்துப் பக்கம் கடலில் விழுகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஓடைகளும் இதே வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தவைதான். இந்தப் படுகையின் கண்மாய்கள் பயிருக்குத் தண்ணீர் கொடுத்ததோடு கடலுக்கும் காவலாக இருந்தன. அந்தக் காவல் தளர்ந்ததன் விலையை மீன் கொடுக்கிறது என்பதே என் வாதம்.

ஒரு கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். ஒவ்வொன்றிலும் வேகம் தணிந்து வண்டல் அடியில் படியும். மனிதர், மாடு விட்ட கழிவின் தழைச்சத்தும் மணிச்சத்தும் பெருமளவு அந்த வண்டலோடு தங்கிவிடும். கோடையில் கண்மாய் வற்றியதும் சம்சாரிகள் அந்த வண்டலைக் கரம்பையாக வெட்டி, வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்பார்கள். ஆக, கடலுக்குப் போயிருந்தால் நஞ்சாகியிருக்கக்கூடிய அதே சத்து நிலத்துக்கே எருவாகத் திரும்பியது. யாரும் கடல்மீனை நினைத்துக் குடிமராமத்து, அதாவது ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் வேலை, செய்யவில்லைதான். ஆனால் பலன் முகத்துவாரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சுழற்சி ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் பல கண்மாய்கள் அரசின் பொறுப்புக்குப் போயின. ஊர்க்கூட்டுப் பராமரிப்பு மெல்லத் தேய்ந்தது. 1960களிலிருந்து ரசாயன உரம் பரவியதும் கரம்பையின் மதிப்பு இறங்கியது. நகரங்களுக்குக் குழாய்த் தண்ணீர் முதலில் வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு வெகுகாலம் கழித்தே வந்தது. வீட்டுச் சாக்கடையோடு சோப்புத் தூளும் சாயமும் சேர்ந்து, மழைநீருக்கென்று இருந்த ஓடைகளில் இறங்கின. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இலும் வந்தபோது, ஓடையைச் சாக்கடையாகப் பார்க்கும் பழக்கம் ஊறிப்போயிருந்தது.

கழிவுநீர் மீனை உடனே கொல்ல வேண்டுமென்பதில்லை. அதிலுள்ள அம்மோனியா செவுளின் மெல்லிய இழைகளைப் புண்ணாக்கித் தடிக்கச் செய்கிறது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களோ தண்ணீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடுகின்றன. மூச்சுக்குத் திணறும் மீனுக்கு எதிர்ப்புச் சக்தி குறைகிறது. துடுப்பு அழுகல், தோல் புண் எல்லாம் எளிதில் தொற்றிக்கொள்கின்றன. நச்சுகள் ஈரலில் சேர்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் 1980களில் பிடிபட்ட தட்டைமீன்களில் பலவற்றுக்கு ஈரலில் கட்டி இருந்தது. சாக்கடைக் கசடைக் கடலில் கொட்டுவது 1991இல் நிறுத்தப்பட்டது, சுத்திகரிப்பும் மேம்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் கட்டிகள் மறைந்தன. நோய்க்கும் கழிவுக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிடத் தெளிவான சாட்சி அரிது.

வருஷத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும் வைப்பாறு கடலை எப்படிக் கெடுக்கும் என்று கேட்கலாம். வறட்சியே ஆபத்தைக் கூட்டுகிறது. நீர்த்துப்போக வழியில்லாத கழிவு மாதக்கணக்கில் குட்டையாகவும் சேறாகவும் தங்கி, ஐப்பசி, கார்த்திகையின் முதல் வெள்ளத்தில் மொத்தமாகப் புறப்படுகிறது. அது போய்ச் சேருமிடம் மடவையும் கொடுவாயும் இறாலும் குஞ்சாக வளரும் முகத்துவாரம். தூத்துக்குடியின் அனல்மின் நிலையச் சாம்பலும் பக்கிள் ஓடைச் சாக்கடையும் இதைவிடப் பெரிய சுமை என்பார்கள், அது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே மெலிந்த மீனுக்குச் சின்னச் சுமையும் கூடுதல்தான். 2019 செப்டம்பரில் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நுண்ணுயிர் பெருகி, கடல் பச்சையாகி, மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்து ஒதுங்கின. காற்று, நீரோட்டம், வெப்பம் எல்லாம் அதற்குக் காரணமாகலாம். ஆனாலும் நிலத்திலிருந்து போகும் சத்து அத்தகைய பெருக்கத்துக்குத் தீனியாகிறது. எல்லாவற்றையும் கழிவுநீர்க் கணக்கில் எழுதுவதும் நேர்மையல்ல: தூத்துக்குடி முத்துப் பார்கள் கழிவுநீர் பெருகிய காலத்துக்கு முன்பே பலமுறை பொய்த்திருக்கின்றன.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் கையிலெடுத்தது நல்ல தொடக்கம். ஆனால் பழைய வண்டலும் இன்றைய கசடும் ஒன்றல்ல. ஆலைக்கழிவு கலந்த சேற்றைச் சோதிக்காமல் வயலில் போட முடியாது. ஆகவே சுத்திகரிப்பு நகர எல்லையிலேயே முடிய வேண்டும். கண்மாய் அதற்குப் பிந்திய காவலாக நிற்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதுகாப்பு முழுமையாக வேண்டுமானால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் நகராட்சிகளின் வடிகால் திட்டங்களை மீன்வளத் துறையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.