கருவளக் காலம்

கருவளக் காலம் என்பது மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள். கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும் இதில் அடங்கும்.

காரணம்: சினைப்பையிலிருந்து வெளிவந்த கருமுட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணு பெண்ணுடலில் 5 நாட்கள் வரை வாழக்கூடும். எனவே முட்டை வெளிப்படுவதற்கு முந்தைய இரு நாட்களில் வாய்ப்பு மிக அதிகம். முட்டை வெளிப்பட்ட மறுநாளுக்குப் பின் வாய்ப்பு அநேகமாக இல்லை.

கணக்கிடுதல்: பொதுவாக அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாட்களுக்கு முன் முட்டை வெளிப்படும். 28 நாள் சுழற்சியில் இது 14ஆம் நாளையொட்டியும், 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாளையொட்டியும் அமையும். 14ஆம் நாள் எல்லோருக்கும் பொருந்தாது. 1920களில் ஜப்பானின் கியூசாகு ஒகினோவும் ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸும் முட்டை வெளிப்படுவதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் உள்ள இந்தக் கால இடைவெளியைத் தனித்தனியே விளக்கினர்.

அறிகுறிகள்: கருப்பை வாய்த் திரவம் முட்டை வெள்ளைக்கருபோல் தெளிந்து, இழுபடும். சிறுநீர்ச் சோதனைப் பட்டையில் முட்டை வெளிப்படத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் உயர்வு தெரிந்தபின் ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். காலையில் எழுந்ததும் அளக்கும் உடல்வெப்பம் சற்றே உயர்வது, முட்டை வெளிப்பட்டுவிட்டதையே காட்டும். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்குச் சோதனைப் பட்டை தவறாகக் காட்டலாம்.

கருவளக் காலத்தில் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் உறவு கொள்வது போதுமானது. ஓராண்டு முயன்றும், பெண்ணுக்கு 35 வயதோ அதற்கு மேலோ எனில் 6 மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால், கணவன், மனைவி இருவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.