ஊவா மலையில் முதல் விளக்கும் துணை விளக்கும்

ஊவாத் தோட்டங்களில் ஒரு நாளின் தொடக்கம் கதிரவன் கையில் இருந்ததில்லை. பசறையிலும் மடுல்சீமையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் கிழக்கு வெளுக்குமுன்பே தப்பு முழங்கியது. லயத்துக் காம்பராக்களில் அடுப்புப் புகைந்தது. பெரட்டுக் களத்தை நோக்கி ஆணும் பெண்ணும் வழுக்கும் படிகளில் இறங்கினர். இருள் பிரியாத அவ்வேளையில் ஒரு குடும்பத்துக்கு இருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு விளக்கு. அடுப்புக்கும் அதுவே, தொட்டிலுக்கும் அதுவே, நோயாளியின் தலைமாட்டுக்கும் அதுவே. அஃது அணைந்தால் அடுத்த விளக்கு எது என்னும் கேள்விக்கு அவ்வீடுகளில் நெடுங்காலம் விடை இருக்கவில்லை.

அணையக்கூடாத விளக்குக்கு முன்கூட்டியே ஆதரவு தேடுவது தமிழர்க்குப் புதிதன்று. சோழர் காலக் கல்வெட்டுக்கள் நந்தா விளக்குகளைப் பற்றிப் பலபடக் கூறுகின்றன. இரவும் பகலும் விளக்கெரிய நெய் வேண்டும். நெய்க்குக் கால்நடை வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று இராசராசன் காலத்திற் கணக்கு வகுக்கப்பட்டது. ஆடு மூக்கும், சாகும். குட்டி அவ்விடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. ஆதலின் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடுகள்' என்றனர். விளக்கைக் கொடுத்தவர் விளக்கோடு நின்றுவிடவில்லை. எண்ணெய் தீரும் நாளையும் எண்ணினர்.

கோப்பித் தோட்டங்களுக்கும், 1869 ஆம் ஆண்டு முதற் பரவிய இலைநோயாற் கோப்பி அழிந்த பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்குமாகத் தமிழகத்திலிருந்து ஊவாவுக்கு வந்தோரிடம் அத்தகைய மந்தை ஏதும் இல்லை. அவர்களிடம் இருந்தது குப்பி விளக்கு. மருந்துப் போத்தலோ வேறு போத்தலோ ஒன்று, அதன் வாயில் தகரத் துண்டு, தகரத்தின் துளையிற் பழந்துணித் திரி, உள்ளே மண்ணெண்ணெய். செலவு மிகக் குறைவு. ஒளியும் அவ்வளவே.

ஊவாவில் விளக்குக்கு ஒரு தனிப் பகையும் உண்டு. ஆனி ஆடி மாதங்களில் மத்திய மலைத்தொடரைக் கடந்து, ஈரத்தை அப்புறத்தே பொழிந்துவிட்டு, வறண்டு இறங்கும் தென்மேற்குக் காற்றே அது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தரும் மணம் அக்காற்றினாலேயே வருகின்றது. அதே காற்று குப்பி விளக்கை வாசற்படி தாண்ட விடாது. அரிக்கன் லாந்தர் இம்மலைகளிற் பெற்ற வரவேற்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவான அவ்விளக்கிற் கண்ணாடிக் கூட்டின் இருபுறமும் உள்ள குழாய்கள் காற்றை அடக்கி அளவாகத் திரிக்கு ஊட்டுகின்றன. வெளியே புயல் வீசினும் உள்ளே சுடர் அசைவதில்லை. 'புயல்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரே தமிழர் நாவில் அரிக்கன் ஆயிற்று.

பின்னர்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. 1885 இல் ஆவர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கண்ட வலைத்திரியையும், அழுத்தத்தால் ஆவியாகும் மண்ணெண்ணெயையும் இணைத்து ஜெர்மனியிற் செய்யப்பட்ட விளக்கு அது. காமன் கூத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் அதுவே பகலாயிற்று. ஆயினும் ஓர் அதிர்ச்சியில் அதன் வலை உதிர்ந்துவிடும். கூத்து நடுவே அது நின்றால் எடுத்துக்கொள்ள ஓரத்தில் ஒரு லாந்தர் எரிந்துகொண்டிருப்பது நல்லது என்பதை அறிய எவரும் நூல் படிக்க வேண்டியிருக்கவில்லை. பேரொளி தருவது ஒன்று. பிழையாது நிற்பது மற்றொன்று. இரண்டும் ஒரே விளக்கில் அமைவது அரிது.

பதுளைக்கு இருப்புப்பாதை வந்தபோது இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. 1894 இற் பண்டாரவளையை எட்டிய பாதை, எல்லவையும் தெமோதரையையும் கடந்து பதுளையை அடைய 30 ஆண்டுகள் சென்றன. 1924 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. தெமோதரையிற் பாதை தன்னைத் தானே சுற்றி, நிலையத்தின் கீழேயே குடைந்த சுரங்கத்தினூடாக வெளிப்படுவதை நேயர் பலர் கண்டிருப்பர். கொழும்பிலிருந்து பதுளை வரை நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உள. எனினும் அப்புத்தளைப் பக்கத்தில் இரயில்காரரை வருத்துவது சுரங்க இருளைவிட மூடுபனியே. இருளில் விளக்கு தெரியும், பனியில் தெரியாது. மேலும் பனியில் ஒளி கூடக் கூடப் பார்வை குறையும். விரிந்து பரவும் பேரொளி நீர்த்துளிகளிற் பட்டுத் திரும்பி, கண்ணெதிரே வெண்சுவராய் நிற்கும். பிரித்தானியர் வகுத்த இருப்புப்பாதை முறையில் இதற்கு ஒரு மாற்று இருந்தது. கைவிளக்கோடு வெடிச் சில்லுகளும் காட்டிடம் இருந்தன. அவற்றைத் தண்டவாளத்தில் வைத்தால், சக்கரம் ஏறும்போது வெடித்து, கண்ணுக்கு எட்டாத எச்சரிக்கையைக் காதுக்கு எட்டச் செய்யும். முதல் விளக்கைக் கெடுத்த பனி இத்துணையைக் கெடுக்காது என்பதே இதன் நுட்பம்.

இந்த நுட்பத்தை முற்றாக ஆராய்ந்து, உயிர்களை விலையாகக் கொடுத்து, விதியாக எழுதிக்கொண்டவர்கள் மலையில் இல்லை, நீருக்கடியில் இருந்தனர். மூச்சுக் கலத்தைச் சுமந்து மூழ்கும் சுழியோடிகளே அவர்கள். ஊவாவுக்கும் கடலுக்கும் தொடர்பில்லை என்று நினைப்பது தவறு. இம்மலைகளிற் பிறக்கும் மாணிக்க கங்கையும் கிரிந்தி ஓயாவும் தென்கிழக்குக் கரையிற் கடலை அடைகின்றன. அக்கரைக்கு அப்பால், சிங்கள மக்கள் மகா ராவணா கோட்டுவ என வழங்கும் பாறைத் திட்டில், 1873 முதல் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கின்றது. அப்பாறையின் அடியிலேதான் 1961 இல் மைக் வில்சன் என்பவர் மூழ்கிய மரக்கலம் ஒன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டார். அவருடைய தோழர் ஆதர் சி. கிளார்க் அதனை 1964 இல் நூலாக எழுதினார். பருவக்காற்றுக்கள் ஓயும் சில வாரங்களிலே மட்டும் இறங்கக்கூடிய கடல் அது.

பட்டப்பகலிலும் சுழியோடிக்கு விளக்கு வேண்டும். ஆழம் செல்லச் செல்ல நீர் முதலிற் செந்நிறத்தை விழுங்குகின்றது. சில பாகங்களுக்குக் கீழே செம்பவளமும் சாம்பல் நிறமாகவே தோன்றும். பாறை இடுக்குகளிற் பகலென்பதே இல்லை. ஆனால் விளக்கு உயிராகவே ஆவது நீர் நிறைந்த குகைகளில். அங்கே மூச்சு முட்டினால் நேரே மேலெழ முடியாது, மேலே பாறை. வந்த வழியே திரும்புவதொன்றே வழி. 1935 இல் இங்கிலாந்தின் வூக்கி ஹோல் குகையிற் குழாய் வழியே காற்றுப் பெற்று இறங்கியோர் இவ்வகை முயற்சியின் முன்னோடிகள். 1943 இற் பிரான்சிற் கூஸ்தோவும் கான்யானும் தனிமூச்சுக் கருவியை அமைத்த பின்னர் ஆவலுடையோர் எல்லாரும் இறங்கலாயினர். அமெரிக்காவின் புளோரிடாவில் தெளிந்த ஊற்றுக் குகைகள் பல உள. 1960களிலும் 1970களிலும் அவற்றில் இறங்கி மீளாதோர் மிகப் பலர். நீரின் தெளிவே அவர்களை ஏமாற்றியது. உள்ளே அடித்தரையின் நுண்மண் ஒருமுறை கலங்கினால் அப்புத்தளைப் பனியினும் அடர்ந்த திரை எழும்.

ஷெக் எக்ஸ்லி என்னும் இளைஞர் அவ்விபத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து 1979 இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். வாயில்வரை அறாது செல்லும் வழிநூல், போக ஒரு பங்கும் மீள ஒரு பங்கும் இடர்க்கு ஒரு பங்குமாகக் காற்றைப் பகுத்தல் என்பன அவர் வலியுறுத்தியவை. பயிற்சியும் விளக்கும் பின்னாளில் அவ்வரிசையிற் சேர்ந்தன. இன்று குகைச் சுழியோடி ஒருவர் மூன்று விளக்குகளின்றி இறங்குவதில்லை: முதல் விளக்கு ஒன்று, துணை விளக்குகள் இரண்டு.

மூன்றும் ஒரே இனமாய் இருப்பதில்லை என்பதே கவனிக்கற்பாலது. முதல் விளக்கு வலியது. ஒடுங்கிய கதிர் உடையது. கலங்கல் நீரிலும் வெண்சுவர் எழுப்பாமல் ஊடுருவ வல்லது. அதற்கேற்ற பெரிய மின்கலம் இடுப்பிலே ஒரு கலத்துள் இருக்க, கம்பி ஒன்று கையிலுள்ள விளக்குத் தலைக்குச் செல்லும். கதிரை வட்டமாகச் சுழற்றினால் 'நலம்' என்றும், விரைந்து பக்கவாட்டில் அசைத்தால் 'இடர்' என்றும் தோழர் அறிவர். ஆகவே அது நாவும் ஆகின்றது. துணை விளக்கு சிறியது, எளியது, கம்பியும் கலமும் இல்லாதது. மீண்டும் மீண்டும் மின்னேற்றும் கலத்தைவிட, புதிதாய் இட்ட சாதாரண மின்கலத்தையே அதற்குப் பலர் விரும்புகின்றனர். பையிற் கிடந்தாலும் வலு இழப்பது குறைவு என்பது காரணம். கண் காணாமலே கை சென்று எடுக்கும்படி தோள்வாரில் அது கட்டப்பட்டிருக்கும். இறங்குமுன் ஒவ்வொரு விளக்கும் ஏற்றிப் பார்க்கப்படும். துணை விளக்கு தனித்து நின்றே வாயில்வரை எரிய வல்லதாதல் வேண்டும்.

இவை அனைத்திலும் பெரிய விதி ஒன்று உண்டு. முதல் விளக்கு அணைந்தவுடன் பயணம் முடிந்தது. துணை விளக்கு மேற்கொண்டு செல்வதற்கு அன்று, திரும்புவதற்கு.

திரும்புவதற்கு ஒரு வாயில் இருப்பவர்க்கே அவ்விதி பொருந்தும். லயத்தில் இருந்தவர்க்கு அது வெறும் கனவு. தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தொழிற்சாலை நெடுங்காலமாகவே இருள் அறியாதது. மாலையிற் பரப்பிய கொழுந்து இரவு முழுதும் வாடி, விடியுமுன்னர் அரைப்புக்குச் சென்றாக வேண்டும். இயந்திரம் நின்றால் இலை கெடும். இலை கெட்டால் விலை கெடும். இலங்கை மலைநாட்டில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தம் ஓடைகளிலேயே சுழலி வைத்து மின்சாரம் ஆக்கின. ஓடை வற்றும் மாதங்களுக்கு எண்ணெய் இயந்திரம் இருந்தது. ஆக, கொழுந்துக்கு முதல் ஏற்பாடும் இருந்தது, துணை ஏற்பாடும் இருந்தது. கொழுந்தைப் பறித்தவரின் காம்பராவில் ஒரு குப்பி. நாடு விடுதலை பெற்றுப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே லயங்களுக்கு மின்கம்பி பரவலாக வந்தது.

அக்குப்பியினால் விளைந்த தீங்கு சிறிதன்று. உயர்ந்து மெலிந்த போத்தல் எளிதிற் சாயும், சாய்ந்தால் உருளும், தகர மூடி கழன்று எண்ணெய் சிந்தும், சிந்திய எண்ணெய் தீப்பற்றும். இலங்கை முழுவதிலும் ஏழைக் குடில்களிற் பெண்களும் பிள்ளைகளும் இவ்வாறு எரிந்து மருத்துவமனைகளுக்கு வந்தனர். அவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, காயத்தைக் கட்டுவதோடு நில்லாமல் விளக்கைத் திருத்த முனைந்தார். அவர் 1990களில் அமைத்த 'சுதீப' விளக்கு குட்டையானது, கனத்த கண்ணாடியாலானது, விழுந்தாலும் உருளாதபடி இரு பக்கங்கள் தட்டையானவை, மூடி திருகி இறுக்கப்படுவது. இவ்வளவே புதுமை. 1998 இல் ரோலெக்ஸ் விருது அதனைத் தேடி வந்தது. பெரிய விருதுகள் பெரிய இயந்திரங்களுக்கே உரியன என்று எண்ணுவோர் அக்குட்டைப் போத்தலை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம்.

மின்சாரம் வந்த பின்னர் அது முதல் விளக்காயிற்று. மண்ணெண்ணெய் துணை விளக்காகப் பின்னே சென்றது. இவ்வேற்பாடு போதும் என்றே பலரும் நினைத்தனர். 2022 ஆம் ஆண்டு அதன் ஓட்டையைக் காட்டியது. அந்நியச் செலாவணி வற்ற, மின்நிலையங்களுக்கு எரிபொருள் இல்லாமற் போயிற்று; மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. லாந்தரை எடுத்தவர்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றனர். அதுவும் அதே கப்பலில், அதே டொலருக்கு வரவேண்டிய பொருள். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. முதல் விளக்கையும் துணை விளக்கையும் ஒரே வேரிற் கட்டிவைத்தால் நேர்வது இதுவே. புளோரிடாக் குகையில் ஒரே மின்கலத்தில் இரு விளக்குகளைப் பொருத்தி இறங்குபவனை எவரும் அறிவுடையவன் என்னார். ஒரு நாடு முழுவதும் அப்படி இறங்கியிருந்தது. நாட்கூலிக்காரரின் வீட்டில் அவ்விருளின் எடை மற்றவர் வீட்டினும் மிகுதியாயிருந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஊவாவின் நீரே இப்பொழுது மின்சாரமாகின்றது. உமா ஓயாவின் நீரைத் திருப்பப் பண்டாரவளைப் பகுதியின் அடியிற் சுமார் 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் ஒன்று குடையப்பட்டது. குடையும்போது நிலத்தடி நீர் சுரங்கத்துட் பாய்ந்து, மேலே கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அக்குறையைச் சொல்லாமல் இவ்வரலாற்றைச் சொல்வது நேர்மையன்று. 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் நாள் திட்டம் திறக்கப்பட்டது. வெல்லவாயைக்கு அருகே, மலையின் வயிற்றுள் அமைந்த மின்நிலையத்தில் 120 மெகாவாற் சுழலிகள் சுழல்கின்றன. சுழலியை விட்டு இறங்கும் நீர் கிரிந்தி ஓயாவின் படுகையிற் சேர்ந்து, தென்புல வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது கடலை அடைகின்றது.