பிறப்பா, வளர்ப்பா?

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அதே பாட்டிமார்தான் மறுநாள், "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றும் கேட்பார்கள். முதல் பழமொழி பிறப்பின் கட்சி. இரண்டாவது வளர்ப்பின் கட்சி. இரண்டையும் ஒரே வாயால் சொல்வதில் அவர்களுக்குச் சங்கடம் இருந்ததில்லை. சங்கடப்பட்டவர்கள் படித்தவர்கள்தாம். மனிதனை உருவாக்குவது பரம்பரையா, சூழ்நிலையா என்று நூறாண்டுக்கு மேல் அவர்கள் வழக்காடியிருக்கிறார்கள். அந்த வழக்கில் மிக முக்கியமான சாட்சியம் ஒரு வீட்டுக் குழந்தைகளின் சிறுநீரிலிருந்து கிடைத்தது.

நார்வே தேசத்தில் ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். மூத்தது பெண், இளையது பையன். பிறந்தபோது இரண்டும் நன்றாகவே இருந்தன. மாதங்கள் செல்லச் செல்ல, உடம்பு வளர்ந்ததே தவிர அறிவு வளரவில்லை. பெண் ஏதோ சில சொற்கள் பேசினாள். பையனுக்கோ நான்கு வயதாகியும் பேச்சுமில்லை, நடையுமில்லை. குழந்தைகளின் சிறுநீரில் ஒரு விசித்திர வாடை வீசுவதைத் தாய் கவனித்தாள். பார்த்த வைத்தியர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள். பைத்தியக்காரப் பேச்சு என்று எண்ணினார்களோ என்னவோ, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1934-ஆம் ஆண்டில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற டாக்டர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். அவர் வைத்தியத்தோடு ரசாயனமும் கற்றவர். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற திரவத்தைச் சில சொட்டுகள் விட்டார். அது பச்சையாக மாறியது. அப்படி ஒரு நிறம் வருவதை அவர் அதுவரை கண்டதில்லை. தாய் லிட்டர் லிட்டராகக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வடிகட்டிப் பிரித்து, பினைல் பைருவிக் அமிலம் என்ற பொருளே அதற்குக் காரணம் என்று கண்டார். பிறகு அறிவு வளர்ச்சி குன்றிய 430 பேரைச் சோதித்ததில் இன்னும் எட்டுப் பேரிடம் அதே பச்சை நிறம் தோன்றியது. பினைல்கீட்டோனூரியா என்ற நோய் உலகத்துக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அது பரம்பரை நோய். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுபட்ட மரபணுக்கள் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் ஒரு குறையும் தெரியாது. அந்த இரண்டு குழந்தைகளின் பெற்றோரும் ஆரோக்கியமானவர்களே.

பரம்பரை என்று சொன்னவுடன் அந்தக் காலத்து மேதாவிகள் பலர் மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிட்டார்கள். பரம்பரை என்றால் தலையெழுத்து, தலையெழுத்தென்றால் மருந்தில்லை, ஆகவே அத்தகையவர்களுக்குச் சந்ததியே இல்லாமல் செய்துவிட வேண்டும்! இது ஏதோ மூலையில் பேசிய பேச்சல்ல. ஜெர்மனியில் நாஜிகள் இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டம் 1934 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன் பட்டியலில் முதலில் நின்றது பிறவி அறிவுக்குறைவு. அந்த ஆட்சி முடிவதற்குள் ஏறக்குறைய 4 லட்சம் பேர் அந்தச் சட்டத்துக்கு இரையானார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். ஜனநாயக நாடான நார்வேயும், ஃபோலிங் பச்சை நிறத்தைக் கண்ட அதே 1934-இல், ஒரு கருத்தடைச் சட்டம் செய்தது. ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் ஒருவர் சோதனைக் குழாயைப் பார்த்துக் காரணம் தேடினார். மற்றவர்கள் கத்தியை எடுத்துச் சட்டமாக்கினார்கள்.

இதற்குக் கணக்கினாலேயே பதில் சொன்னவர் லயனல் பென்ரோஸ். அவர் வகித்த லண்டன் பேராசிரியர் பதவிக்கு 'யூஜெனிக்ஸ்', அதாவது நல்ல இனத்தைப் பெருக்கும் சாஸ்திரம், என்றே பெயர். 1946-இல் அந்த நாற்காலியிலிருந்தபடியே இந்த நோயை எடுத்துக்கொண்டு, அந்தச் சாஸ்திரம் இங்கே செல்லாது என்று வாதாடினார். பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு நோய் வருகிறதென்றால், பழுதை மறைவாகச் சுமப்பவர்கள் ஐம்பதில் ஒருவர் என்று கணக்கு வரும். ஐம்பதில் ஒருவருக்குக் கத்தி வைப்பதா? அவர்களில் நீதிபதியும் இருப்பார், சட்டம் செய்த மந்திரியும் இருப்பார்.

கணக்கு கொடுமையைத் தடுக்கலாம், குழந்தையைக் குணப்படுத்தாது. அதற்கு நோயின் அந்தரங்கம் தெரிய வேண்டியிருந்தது. பால், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றின் புரதத்தில் பினைல் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. சாதாரண உடம்பில் ஈரல் அதை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும். இக்குழந்தைகளின் ஈரலில் அந்த மாற்றம் நடப்பதில்லை என்பதை ஜார்ஜ் ஜெர்விஸ் என்ற டாக்டர் நிறுவினார். வயிற்றிலிருக்கும்வரை தாயின் உடம்பு அதைக் கவனித்துக்கொள்கிறது. பிறந்த பின்போ, உண்ட பாலிலிருந்தே அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. தாய்ப்பாலுங்கூட அளவு மீறினால் நஞ்சு!

அப்படியானால் உணவை மாற்றினால் என்ன? 1951-இல் பர்மிங்ஹாம் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இன்னொரு தாய் இதைத்தான் வேறு விதமாகக் கேட்டாள். அவள் மகளுக்கு நிற்கத் தெரியாது. தலையை மோதிக்கொண்டு அழுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது. நோயின் பெயர் தெரிந்து எனக்கென்ன லாபம், ஏதாவது செய்யுங்கள் என்று தினந்தோறும் காலையில் ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நின்றாள். டாக்டர் ஹார்ஸ்ட் பிக்கலும் அவருடைய சகாக்களும் பினைல் அலனினைப் பெரும்பாலும் நீக்கிய ஒரு கலவையைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, நின்றது, நாற்காலியில் ஏறியது. கண்ணில் ஒளி வந்தது. உண்மையிலேயே உணவின் பலன்தானா என்று பார்க்க, தாய்க்குச் சொல்லாமல் அந்தப் பொருளை மீண்டும் கலவையில் சேர்த்தார்கள். சில மணி நேரத்திலேயே பழைய அழுகையும் தலை மோதலும் திரும்பின. இன்றைய நியாயத்தில் அது செய்யத் தக்க காரியமல்ல. ஆனால் சந்தேகம் தீர்ந்தது.

மரபணு மாறவில்லை, மாறியது உணவு. அதோடு குழந்தையும் மாறியது. ஆயினும் ஏற்கனவே கெட்டுப்போன மூளையை முழுவதும் மீட்க முடியவில்லை. உணவு வேண்டும், அதுவும் பிறந்த சில வாரங்களுக்குள் வேண்டும்.

அந்த வாரங்களைத் தவறவிட்டவர்களில் நாவலாசிரியை பெர்ல் பக்கின் மகளும் ஒருத்தி. அவள் பிறந்தது 1920-இல், சீனாவில்; நோய்க்குப் பெயரே இல்லாத காலம். மகளை விடுதியில் வைத்துக் காப்பாற்றப் பணம் வேண்டியும் தாய் எழுதினாள். 1938-இல் நோபல் பரிசு வந்தது. மகளைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல 1950 வரை ஆயிற்று.

தவறவிடாதிருக்க வழி கண்டவர் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி. அவர் மகனும் அறிவு வளர்ச்சி குன்றியவன். மனைவியின் சகோதரி மகளுக்கு இதே நோய். பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து வடிதாளில் ஒற்றினால் போதும் என்று 1960-களின் தொடக்கத்தில் காட்டினார். 1963-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கியது, மற்றவை பின்தொடர்ந்தன. அன்று முதல் எத்தனையோ ஆயிரம் குழந்தைகள் எல்லாரையும் போல் படித்து, வேலை பார்த்து, கல்யாணமும் செய்துகொண்டார்கள்.

சுபம் போட இடமில்லை. அந்தப் பெண்களில் பலர் வளர்ந்ததும் பத்தியத்தை விட்டிருந்தார்கள். வளர்ந்த மூளைக்கு ஆபத்தில்லை என்று அப்போது நம்பினார்கள். அவர்கள் கர்ப்பமானபோது, தாயின் இரத்தத்தில் தேங்கிய பொருள் கருவை எட்டியது. தலை சிறுத்தும், இருதயக் கோளாறோடும் குழந்தைகள் பிறந்தன. அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த நோயே இல்லை! கருவின் மரபணுவில் நோயில்லை. கரு வளர்ந்த இடத்தில்தான் கோளாறு. அந்த இடத்தின் கோளாறோ தாயின் மரபணுவிலிருந்து வந்தது. இதைப் பிறப்பென்று எழுதுவதா, வளர்ப்பென்று எழுதுவதா?

இன்று அந்தப் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே பத்தியத்தைத் தொடங்கிவிடும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். பத்தியம் இருப்பவர்களுக்கு நல்ல குழந்தைகள் பிறக்கின்றன. பிறப்பா, வளர்ப்பா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் பரம்பரை என்று யாராவது சொல்லிக் கையை விரித்தால், ஆய்வுக்கூட வாசலில் நின்ற அந்தத் தாயைப் போல் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: "சரி, இப்போது என்ன செய்யலாம்?"